மணலை அடைகாத்த பஞ்சுருட்டான்

ஓர் ஆற்றங்கரையில் மரகதம் என்ற பஞ்சுருட்டான் பறவையும் அதன் ஜோடி பச்சையப்பனும் வாழ்ந்தன. பறந்துகொண்டே தும்பியைப் பிடிப்பதில் இரண்டும் சூரர்கள். ஆனால் மரத்தில் கூடு கட்டும் வழக்கம் பஞ்சுருட்டான்களுக்கு இல்லை. கரையில் வளை தோண்டி அதற்குள்தான் முட்டையிடும்.

போன கோடையில் திடீரென்று பெய்த மழையில் கரை சரிந்தது. வளைக்குள் இருந்த குஞ்சுகள் மண்ணோடு போய்விட்டன. அலகு நோக நோகத் தோண்டியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பெற்ற வயிறு அல்லவா! அன்றிலிருந்து மரகதத்துக்கு மணலைக் கண்டாலே பயம்.

இந்தக் கோடையில் மறுபடியும் வயிற்றில் முட்டை.

"என்னங்க, இந்த வருஷம் மணல் வேண்டாம்! கல்லுலதான் வளை வேணும்!" என்றது மரகதம்.

"கல்லுலயா? உன் அலகு என்ன கடப்பாரையா?" என்றது பச்சையப்பன்.

மரகதம் கேட்கவில்லை. ஆற்றோரப் பாறையைக் கொத்திப் பார்த்தது. பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. அலகு நுனிதான் மழுங்கியது.

அந்தப் பாறைமேல் ஓர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு முட்டை என்றால் உயிர். வளைக்குள் இருக்கும் முட்டையை எடுக்கத் தோண்ட வேண்டும். தோண்டுவதற்கோ சோம்பல்.

"ஏன் தாயி அலகைக் கெடுத்துக்கிற? மணல்ல சின்னதா ஒரு குழி போடு. அப்புறம் அந்த மணலையே கல்லாக்கிடு!"

"மணல் கல்லாகுமா உடும்பண்ணே?"

"ஆகாம? இந்தப் பாறையே ஒரு காலத்துல மணல்தான். மேல மேல பாரம் ஏறி இறுகிப் போச்சு. அதோ, குன்றுல வெள்ளையாப் பளிங்கு தெரியுதே, அது முன்னால சிப்பி ஓடும் சேறுமா இருந்தது. பூமிக்குள்ள சூடும் பாரமும் பட்டுப் பளிங்காயிடுச்சு. உனக்குத்தான் வயித்துல சூடு இருக்கே! உடம்புல பாரம் இருக்கே! போய் மணல்மேல உக்காரு!"

எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லாத பறவைக்கு இப்படி ஒரு யோசனை! வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அடைகாக்கிற சாதிக்கு அது நியாயமாகவே பட்டது. முட்டைக்குள் நீராக இருப்பது, சூடு பட்டே கண்ணும் சிறகுமாக ஆகிறதே! மணல் கல்லாவதா பெரிய காரியம் என்று மரகதம் நினைத்தது.

ஆற்று நடுவே இருந்த மணல்திட்டில் குழி பறித்து உட்கார்ந்தது. சுள்ளென்ற வெயில். பச்சையப்பன் தும்பி பிடித்து வந்து ஊட்டியது.

"இறுகியிருக்கான்னு கொத்திப் பாருங்களேன்."

பச்சையப்பன் கொத்தியது. மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. மரகதத்தின் முகத்தைப் பார்த்தது. உண்மையைச் சொல்ல அதற்கு மனசு வரவில்லை.

"கொஞ்சம் இறுகின மாதிரிதான் இருக்கு" என்றது.

நாட்கள் போயின. மணல் மணலாகவே இருந்தது. முட்டையிடும் வேளை நெருங்கிவிட்டது. உடும்பு மெல்ல ஊர்ந்து வந்தது.

"அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் தாயி! முட்டையை இங்கேயே இட்டுடு. முட்டை குஞ்சாகும்போது மணலும் கல்லாயிடும்!" என்று நாக்கைச் சுழற்றியது.

மரகதத்துக்கு நா வறண்டது. பச்சையப்பனைக் குழிக்குக் காவலாக வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனது. ஓரத்துப் பாறை அடுக்கடுக்காக வரி ஓடி நின்றது. தண்ணீரை ஒட்டிய அடி வரியில் ஒரு சிப்பி பதிந்திருந்தது. அதுவும் கல்லாகவே இருந்தது! மரகதம் ஆற்றுச் சேற்றில் கிடந்த மட்டிச் சிப்பியைக் கூப்பிட்டது.

"மட்டியக்கா, பாறைக்குள்ள இருக்கறது உங்க சொந்தமா?"

மட்டி வாயைக் கொஞ்சமாகத் திறந்தது. "எங்க ஆளு இல்லம்மா. ஓட்டுல எத்தனை மடிப்பு பாரு! இவ கடல்காரி."

"கடலா? இங்க ஏது கடல்?"

"இருந்திருக்கு. அது எப்பன்னு எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் நினைவில்லை. கடல் போய், ஆறு வந்து, மண்ணுமேல மண்ணாப் படிஞ்சிருக்கு. அடியில இருக்கறது மூத்தது, மேல இருக்கறது இளையது. எண்ணித்தான் பாரேன்!"

மரகதம் வரிகளை எண்ணத் தொடங்கியது. பாதியில் எண்ணிக்கை தப்பியது. மறுபடியும் எண்ணியது. மறுபடியும் தப்பியது. கழுத்துதான் வலித்தது.

"அப்போ உடும்பண்ணன் சொன்னது பொய்யா?"

"பொய்யில்லை. மணல் கல்லாகும், சிப்பி பளிங்காகும். எவ்வளவு காலத்துலங்கறதை மட்டும் விட்டுட்டான். எறும்பு ஊரக் கல்லும் தேயும். எத்தனை எறும்புன்னு கேட்டியா நீ?"

மரகதத்துக்கு அழுகை முட்டியது. தன் ஆயுசு, தன் குஞ்சுகளின் ஆயுசு, அவற்றின் குஞ்சுகளின் ஆயுசு எல்லாம் சேர்ந்தாலும் இந்தப் பாறையில் ஒரு வரிகூட ஆகாதே! முட்டைக்கோ இன்னும் ஒரு பொழுதுதான் இருந்தது.

அப்போதுதான் எதிர்க்கரையைப் பார்த்தது. உச்சியில், போன வெள்ளம் கொண்டுவந்த பொலபொல மணல். அதற்கு நேர் கீழே செம்மண் கலந்த பழைய அடுக்கு. பறந்து போய்க் கொத்தியது. மண் உதிரவும் இல்லை, அலகை மழுக்கவும் இல்லை. கல்லாகப் புறப்பட்டு இன்னும் கல்லாகாத மண்!

"என்னங்க! இங்க வாங்க! மூத்த மண்ணுல தோண்டுவோம்!"

இரண்டும் மாறி மாறித் தோண்டின. வழக்கத்தைவிடக் குட்டையான வளைதான். ஆனால் முட்டை வரும்போது வளை தயாராக இருந்தது.

உடும்புக்கு ஆத்திரம். வளைக்குள் கைவிட எண்ணிக் கரையின் உச்சியிலிருந்து இறங்கியது. உடும்புப்பிடி என்று ஊரே சொல்லும். பிடிக்கத் திடமாக ஏதாவது இருக்க வேண்டாமா? காலடியில் இளைய மணல் சரிந்தது. தொப்பென்று ஆற்றில் விழுந்து, நீந்தித் தப்பி, அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

குஞ்சுகள் பொரிந்தன. ஒரு மாலையில் இடி இடித்துக் கோடைமழை கொட்டியது. உச்சி மணல் வாசலைத் தாண்டித் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. மரகதம் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. பச்சையப்பன் அதன்மேல் தன் சிறகைப் போட்டது. விடியும்வரை வளையின் கூரையிலிருந்து ஒரு துளி மண்கூட உதிரவில்லை. காலையில் குஞ்சுகள் பசிக்கிறது என்று கத்தின. அந்தச் சத்தத்தைக் கேட்டு மரகதம் சந்தோஷத்தில் அழுதது.

நடக்கக்கூடியதையே ஒருவர் சொன்னாலும், அது நடக்க எவ்வளவு காலமாகும் என்று கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும்.