அணில் கேட்காத கேள்வி

ஏரிக்கரை மருதமரத்தின் பொந்துகளில் பல குடும்பங்கள் வசித்தன. மேல் பொந்தில் கிளி. அதற்குக் கீழே இரண்டு குட்டிகளோடு அணில். பக்கத்துப் பொந்தில் மைனா. எல்லோரும் தங்கள் உணவில் ஒரு பங்கைப் பொதுவில் போட்டார்கள். மரத்தில் விரிசல் கண்டால் மரங்கொத்தி வந்து பிசின் வைத்து அடைக்கும். பொதுப் பங்குதான் அதற்குக் கூலி.

அணில் எதற்கும் பயப்படும். காற்றடித்தால் பயம், மேகம் கறுத்தால் பயம். மழைக்காலத்துக்குச் சேர்த்த கொட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.

ஒருநாள் மைனா வந்தது.

"அணிலக்கா, பொந்துக்குள்ள சேர்த்து வச்சிருக்கிறதுக்குன்னு சிலபேர் தனியா ஒரு பங்கு போடுறோம். பாறை இடுக்கில வைப்போம். எங்கள்ல யாரோடது வீணாப்போனாலும் அதிலிருந்து கொடுப்போம். நீங்களும் சேருங்க."

"ஒரே மரத்துக்கு ரெண்டு பங்கா? பொதுப் பங்கு போதாதா?"

"அதை மரங்கொத்தி அண்ணன்கிட்டதான் கேட்கணும்."

அணில் கேட்கப் போனது. மரங்கொத்தியின் கிளை வரை போனதும் நின்றது. 'போதாது என்று சொல்லிவிட்டால்?' கேட்காமலே திரும்பிவிட்டது.

மழை வந்தது. கிளி தன் வாசலைக் கொத்திப் பெரிதாக்கி வைத்திருந்தது. அதன் வழியே புகுந்த தண்ணீர், உள்ளே இருந்த ஒரு விரிசலில் இறங்கி அணிலின் பொந்தை நிரப்பியது. கொட்டைகள் ஊறிப் பூஞ்சை பிடித்தன. குட்டிகள் பசியில் கத்தின.

"உன் வாசலாலதான் இப்படி ஆச்சு!" என்றது அணில்.

"மழை என்னைக் கேட்டுக்கிட்டா வந்துச்சு?" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது கிளி.

மரங்கொத்தி வந்து விரிசலை அடைத்தது.

"அண்ணே, என் கொட்டைகள்?"

"விரிசல் மரத்தோடது, அடைச்சுட்டேன். கொட்டை உன்னோடதும்மா. அதுக்குப் பொதுப் பங்கு கிடையாது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்கலையே. அன்னைக்கு என் கிளை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனியே, என்னவோன்னு நினைச்சேன்."

அணில் மைனாவைப் பார்த்தது.

"பாறை இடுக்கில இருக்கிறது பங்கு போட்டவங்களுக்குத்தான் அக்கா. என்னோடதுல ஒரு பிடி தர்றேன். குட்டிகளுக்கு இன்னிக்குப் போதும்."

நாளைக்கு? அணில் மழையிலேயே இறங்கித் தேடியது. கிடைத்த முதல் கொட்டையைக் குட்டிகளுக்குக் கொடுத்தது. அடுத்ததை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடியது. போடுவதற்கு முன் மைனாவிடம் கேட்டது.

"குட்டிங்க படுக்கிற பஞ்சு நனைஞ்சாலும் இதிலிருந்து கிடைக்குமா?"

"இல்லக்கா. தானியம், கொட்டைக்கு மட்டும்தான்."

அந்தப் பதில் அணிலுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கொட்டையைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பஞ்சைப் பொந்தின் மேட்டுப்பக்கம் நகர்த்தி வைத்தது.

பதிலுக்குப் பயந்து கேட்காமல் இருப்பவருக்கு, இழப்பு வந்த பிறகுதான் அந்தப் பதில் கிடைக்கும்.