பெட்டியின் குளிர்ந்த பக்கம்

பின்னால் வந்தவன் இலையில் முதல் சோறு விழுந்தால், முன்னால் வந்தவனுக்குச் சோறு தொண்டையில் இறங்குமா? சடையப்பனுக்கு இறங்கவில்லை.

மலையாத்தாவின் மடம் மலையுச்சிக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஒரு கூடம், ஒரு அடுப்படி, பின்புறம் ஒரு பாறை. அவ்வளவுதான். சடையப்பன் வருடக்கணக்காக அங்கே இருந்தான். அதற்கு முன் அடிவாரத்துச் சுண்ணாம்புக் காளவாயில் வெந்தவன். வயதில் ஆத்தாவுக்கு மூத்தவன். மடத்துப் படியேறும்போது வயதையும் செருப்பையும் கீழேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். செருப்பை விட்டுவிட்டான்.

ஆத்தா இருக்கும் இடத்தில் அவன் இருப்பான். தாகம் என்று அவள் நினைக்கும் முன்னே செம்பு வரும். ஒரு தடவை இருமினால் சுக்குத் தண்ணீர் வரும். அந்தியில் அவள் பின்புறப் பாறைக்குப் போனால், போர்வையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் நிற்பான்.

"நீ போப்பா, நான் கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்."

"பரவாயில்லீங்க ஆத்தா. எனக்குக் கால் வலிக்கலை."

ஆடி கழிந்து சிங்காரம் வந்து சேர்ந்தான். ஊர் ஊராகப் போய்ச் சவரம் செய்தவன். வந்த கையோடு சிரித்துப் பேசினான். ஆத்தாவும் சிரித்தாள். அன்றைக்கே சடையப்பனுக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று.

கார்த்திகையில் விறகுவெட்டி ஒருவன் தெரியாமல் ஒரு மலைப்பாம்பின் முதுகில் அரிவாளைப் போட்டுவிட்டு, பயந்துபோய் அதைக் கூடையில் கொண்டுவந்து மடத்தில் இறக்கினான். ஆத்தா காயத்துக்கு மருந்து வைத்தாள். பழைய நெல்லுப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அதைக் கிடத்தினாள். அசையாமல் கிடந்ததால் சோம்பன் என்று பேரும் வைத்தாள். மார்கழி பிறந்தது. பனியில் பாம்பு விறைத்தது. விழுங்கிய எலி வயிற்றில் கரையாமல் கட்டியாக நின்றது.

"இதுக்குக் கதகதப்பு வேணும்" என்று ஆத்தா சொன்னாள். "சிங்காரம், நீ பாத்துக்க."

சிங்காரம் அடுப்போரம் ஒரு கல்லைச் சூடாக்கினான். சாக்குத்துணியில் இரண்டு சுற்றுச் சுற்றினான். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தான். பெட்டியின் ஒரு கோடியில் வைத்தான். மெல்ல மெல்லச் சோம்பன் அதை நோக்கி ஊர்ந்து வந்தது. ஆத்தா குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பக்கத்தில் சிங்காரம். அவர்களுக்குப் பின்னால், செம்பும் கையுமாகச் சடையப்பன்.

செம்பைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. நாலைந்து நாள் பொறுத்தான். பிறகு கேட்டே விட்டான்.

"ஆத்தா, நெருப்போட பிறந்து நெருப்போட வளர்ந்தவன் நானு. கத்தி தீட்டினவன் கையில கொடுத்திருக்கீங்களே, இது நியாயமா?"

ஆத்தா பெட்டியைக் காட்டினாள்.

"சரி, இனி நீ வை. ஒரு பக்கம் கல்லு. மறுபக்கம் குளிரட்டும்."

சிங்காரம் முகம் சுளிக்கவில்லை. அதுதான் சடையப்பனுக்கு இன்னும் எரிச்சல்.

"அண்ணா, மணிக்கட்டுல ஒரு தடவை வெச்சுப் பாத்துக்குங்க."

"ஏன், சோம்பனுக்குச் சவரமா பண்ணப்போறேன்? காளவாய்க் கல்லை வெறுங்கையில அள்ளின கை இது. எனக்கே பதம் சொல்றியா?"

அன்று அந்தியில் அவன் ஒரு கல்லோடு நிற்கவில்லை. கொட்டுகிற பனியில் பாதிப் பெட்டியைக் குளிரவிடுவது என்ன கருணை? சிங்காரம் ஒரு கல் வைத்தால், தான் இரண்டு வைக்க வேண்டாமா? உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். வெதுவெதுவென்றுதான் இருந்தது. துணியை ஒரு சுற்றோடு விட்டான். இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று.

சோம்பன் ஒரு கல்லின்மேல் ஏறிச் சுருண்டது. அசையவே இல்லை.

"பாருடா சிங்காரம்! உன் கல்லை இப்படிக் கட்டிப்புடிச்சுட்டுக் கிடந்துச்சா?"

"இல்லைங்கண்ணா. எடத்தை மாத்தி மாத்திப் படுக்கும்."

"அதான் சொல்றேன்."

வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சடையப்பனுக்குச் சோறு இறங்கியது.

விடிந்ததும் ஆத்தா பெட்டியைத் திறந்து பாம்பைத் தூக்கினாள். அடிவயிறு சிவந்திருந்தது. இரண்டு இடத்தில் கொப்புளம்.

சிங்காரம் ஓடிப்போய்த் தண்ணீரில் துணியை நனைத்துக் கொண்டுவந்தான்.

"நான் சரியாத்தான் வெச்சேன்" என்றான் சடையப்பன். "எவனாவது துணியை அவுத்திருப்பான்." எவன் என்று வாய் சொல்லவில்லை. கண் சொன்னது.

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டு துணியைப் பிழிந்தான்.

ஆத்தா அடுப்படிக்குப் போனாள். நேற்று வைத்ததுபோல ஒரு கல்லை அடுப்போரம் சூடாக்கி, ஒரு சுற்றுத் துணியோடு எடுத்துவந்தாள்.

"கையை நீட்டு."

நீட்டினான். உள்ளங்கையில் வைத்தாள்.

"சுடுதா?"

"இல்லீங்க ஆத்தா. கதகதன்னு இருக்கு."

அவன் கையைத் திருப்பி, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தாள். சடையப்பன் "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டு சுவர்வரைக்கும் போய்விட்டான்.

"சோம்பன் வயிறும் உன் உள்ளங்கை மாதிரிதான். சுடுறது அதுக்குத் தெரியாது."

சடையப்பன் மணிக்கட்டை ஊதினான். கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனாலும் மனது விடவில்லை.

"கொஞ்சமாச்சும் தெரிஞ்சிருக்குமே ஆத்தா. ஒதுங்கிப் போயிருக்கலாமில்ல?"

"எங்கே?"

சடையப்பன் பெட்டியைப் பார்த்தான். இந்தக் கோடியில் அவன் கல். அந்தக் கோடியிலும் அவன் கல்.

மெல்லக் கேட்டான். "சிங்காரம் துணியைத் தொடலீங்க ஆத்தா. என்னைக் கீழே அனுப்பிருவீங்களா?"

அவனுக்குக் கீழே ஒன்றும் இல்லை. காளவாய் எப்போதோ அணைந்துவிட்டது.

"எதுக்கு அனுப்பணும்? கொப்புளம் ஆறுறவரைக்கும் அடியில கல்லு வேண்டாம். பெட்டிக்கு வெளியில, ஒரு கோடியோட பலகையை ஒட்டி வை. கல்லை நீயே சூடாக்கு. சிங்காரத்தோட மணிக்கட்டுல வெச்சுக் காட்டிட்டு வை."

"அவன்கிட்டயா?"

"அவன்கிட்டதான்."

அந்தியில் சடையப்பன் கல்லை எடுத்துக்கொண்டு சிங்காரத்தின் முன்னால் போய் நின்றான். மாமியார் வீட்டு வாசலில் கடன் கேட்க நிற்கிறவன் மாதிரி முகம்.

சிங்காரம் வைத்துப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் ஆறட்டுங்கண்ணா."

சடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். மறுபடி நீட்டினான்.

"இப்ப சரிங்கண்ணா."

பலகையை ஒட்டி வைத்தான். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சோம்பன் சூட்டுப் பக்கமாகக் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு தலையைத் தூக்கியது. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. உடம்பை இழுத்துக்கொண்டு மெதுவாக மறு கோடிக்குப் போய்விட்டது.

"பாத்தீங்களா ஆத்தா! நான் வெச்ச கல்லுன்னா ஒதுங்கிப் போகுது. அவன் வெச்சப்போ ஒட்டிட்டுக் கிடந்துச்சே!"

"அப்பவும் போகும். திரும்பி வரும்."

ஆத்தா எழுந்தாள். பின்வாசலைத் திறந்தாள். பாறை பனியில் மங்கலாகத் தெரிந்தது.

சடையப்பன் சட்டென்று எழுந்து கொடியிலிருந்த போர்வையை உருவினான்.

"இருங்க ஆத்தா, நானும் வர்றேன். பனி கொட்டுது."

ஆத்தா வாசற்படியில் நின்றாள்.

"சடையப்பா, சோம்பன் இப்ப எந்தப் பக்கம் இருக்கு?"

"குளிர்ந்த பக்கங்க ஆத்தா."

"கல்லைத் தூக்கிட்டு அது பின்னாலேயே போனியா?"

சடையப்பன் போர்வையும் கையுமாக நின்றான்.