இடி விட்டுவைத்த வேதக்கனி அம்மையார்

தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள உப்பளங்களில் முப்பது ஆண்டுகள் தலைச்சுமையாக உப்புக் கூடை சுமந்தவர் வேதக்கனி அம்மையார். எழுத்தறியாதவர், கைம்பெண். உப்புநீர் அரித்த கால் வெடிப்புகளில் துணியைச் சுற்றிக்கொண்டு, உப்புப் பாத்திக்குள் இறங்குமுன், "ஆண்டவரே, கூட வாரும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஜெபம்.

அவரோடு சேர்ந்து சுமந்தவர் தங்கபுஷ்பம். ஐப்பசி மாதத்தில் ஒரு பகல், இருவரும் ஒரே பாத்தியில் நிற்கையில் இடி விழுந்தது. தங்கபுஷ்பம் அங்கேயே மாண்டார். இரண்டடி தள்ளி நின்ற அம்மையார் பிழைத்தார்.

அடுத்த ஞாயிறு கோவில் ஆராதனையில், சபைக்குப் போதிக்கும் உபதேசியார் ஞானசிகாமணி சுவிசேஷத்தை விரித்தார். கடைசி நாளில் மாவரைக்கும் இரு பெண்களில் ஒருத்தி எடுக்கப்படுவாள், மற்றவள் விடப்படுவாள் என்ற பகுதி அது.

"ஆயத்தமா இருந்தவள ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு. இன்னொருத்திய ஏன் விட்டாரு? யோசிச்சுப் பாருங்க" என்றார். கோவிலே திரும்பி அம்மையாரைப் பார்த்தது. அன்றுமுதல் பலர் அவரருகில் உட்காரவில்லை.

சபை மூப்பர் எட்வின் இதை ஏற்கவில்லை. "அதே பகுதியிலதான நோவா கதையும் வருது? நோவா காலத்துல வெள்ளம் வாரிக்கிட்டுப் போனது யார? பாவியளத்தான. அப்போ எடுக்கப்பட்டவதான் தண்டன அடைஞ்சவ" என்று வாதாடினார். சபை இரண்டுபட்டது. ஒரு பாதி உயிரோடிருந்தவரைப் பழித்தது. மறுபாதி செத்தவரைப் பழித்தது. இரண்டு பாதியும் வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் செய்தன. சபையின் குருவான ஐயரோ, அந்த வசனமெல்லாம் முதல் நூற்றாண்டில் எருசலேம் ஆலயம் இடிந்தபோதே நிறைவேறிவிட்டது என்று அம்மையாரிடம் தனியே சொன்னார். பிரசங்க மேடையில் சொல்ல அவருக்குத் துணிவில்லை.

தங்கபுஷ்பத்தின் அக்கா செல்லத்தாய் மூன்று ஆண்டுகளாகப் பக்கவாதத்தில் கிடந்தார். பேச்சில்லை. தங்கைதான் ஊட்டிவந்தார். இப்போது வேலை முடிந்ததும் அம்மையார் போய்க் கஞ்சி ஊட்டினார், மலமூத்திரத் துணிகளை அலசினார். அந்த வீட்டுக்குச் சபை கொடுத்துவந்த தரும அரிசியை எட்வின் நிறுத்தினார். ஆண்டவர் தண்டித்த வீட்டுக்கு அரிசி எதற்கு என்றாராம்.

அரிசி நின்றதற்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை நடுவே அம்மையார் கோபத்தோடு எழுந்து நின்றார்.

"என்னய விடப்பட்டவளுன்னே வச்சுக்கிடுங்க. செத்தவ ஒங்கள என்ன செஞ்சா? அந்த நாளும் நேரமும் தேவகுமாரனுக்கே தெரியாதுன்னு நீங்கதான வாசிச்சிய? அவருக்கே தெரியாதது ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு? வானத்தையே பாத்துக்கிட்டு இருக்கியள, செல்லத்தாய் அக்கா கெடக்குற பாய ஒரு ஆளாவது வந்து பாத்தியளா?"

"வாய அடக்கும்மா. இது ஆலயம்" என்றார் எட்வின்.

"அடக்கிக்கிட்டுத்தான் இருந்தேன். அதனாலதான் அவ வீட்டு அடுப்பு அணைஞ்சு கெடக்கு."

வெளியேறினார். நேரே செல்லத்தாய் வீட்டுக்குப் போய், தம் வீட்டில் மிஞ்சியிருந்த நொய்யரிசியைக் கஞ்சியாக்கி ஊட்டத் தொடங்கினார். கோபம் தணியவில்லை. இப்போது அது ஆண்டவர்மேலேயே திரும்பியது.

"அவள எடுத்தீரே, என்னையும் எடுத்திருக்கப்பிடாதா? இந்தப் பேச்சக் கேக்கவா என்னய விட்டீரு?"

அப்போது செல்லத்தாயின் உதடுகள் அசைந்தன. மூன்றாண்டுகள் ஒரு சொல்லும் வராத வாயிலிருந்து தெளிவாக வந்தது குரல். அது செல்லத்தாயின் குரல் அல்ல.

"விட்டது நான்தான், வேதக்கனி. எனக்குப் பசிக்குமே."

அம்மையார் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. வெட்கம் தாளாமல் அரிசி மூட்டையோடு பின்னால் வந்திருந்த ஐயரும் வாசலில் நின்று அதைக் கேட்டார். மூட்டையை இறக்கிவிட்டு மண்தரையில் முழங்காலிட்டார்.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முட்டுப்போட்டது போதும் ஐயரே. தண்ணி மோந்துட்டு வாங்க, அக்கா மொகத்தக் கழுவணும்" என்றார். ஐயர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

செல்லத்தாய் பிறகு பேசவேயில்லை. அம்மையார் அவரைப் பதினோரு ஆண்டுகள் பேணினார். எடுக்கப்படுவது யார், விடப்படுவது யார் என்ற வழக்கு அந்தச் சபையில் இன்னும் ஓயவில்லை. வழக்கில் தலையிடாமல், பசித்திருந்த ஆண்டவருக்குக் கோபத்தோடே கஞ்சி ஊட்டிய அந்தக் கைகள் பாக்கியம் பெற்றவை.