செருப்பையும் கழற்றிக் கொடுத்த தண்டநாயகர்

மலைக்கு இந்தப் பக்கம் மழையும் அந்தப் பக்கம் வெயிலுமாக இருந்த மருதவள நாட்டை முன்னொரு காலத்தில் செங்கண்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவு மாலைவரை தாங்காது. இன்றைக்கு யானைக்கெல்லாம் வெல்லம் கொடு என்பான். நாளைக்கு யானை பருத்துவிட்டது, நிறுத்து என்பான்.

தலைநகரில் வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் கஞ்சி ஊற்றும் சத்திரம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். கூலி கிடையாது, மனசுதான். அரண்மனை மடைப்பள்ளியில் முப்பது வருஷம் கரண்டி பிடித்த அங்கம்மை அவர்களுக்குத் தலைவி. பட்டத்து யானைக்குப் பாகனாக இருந்து ஓய்ந்த முத்திருளாண்டி விறகு பிளப்பார். படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கஞ்சி சுமந்துபோவார்.

ஒருநாள் மத்தியானம் முத்திருளாண்டியின் வீட்டுக்கு அரண்மனைச் சேவகன் உடுப்பில் ஒருவன் வந்தான். எல்லைக் கோட்டையில் வேலை பார்க்கும் மகன் கைதாகிவிட்டான் என்றும், பொழுது சாய்வதற்குள் பொன் கொடுத்தால் கோட்டைத் தலைவர் விட்டுவிடுவார் என்றும் சொன்னான். "யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வெளியே தெரிந்தால் பிள்ளையின் தலை போகும்" என்றான். பதறிப்போன மனிதர், ராஜா பரிசாகக் கொடுத்த கடுக்கனைக் காதிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டார். நாலு நாள் கழித்து மகன் சிரித்துக்கொண்டே ஊருக்கு வந்து இறங்கியபோதுதான் ஏமாந்தது தெரிந்தது. அந்த மாதத்தில் இப்படி ஏமாந்த மூன்றாவது ஆள் அவர்.

செய்தி அரசவைக்குப் போயிற்று. அங்கே படைகளுக்குத் தலைவரான தண்டநாயகர் கோளரியார் சத்தம் போட்டுச் சிரித்தார். சத்திரம் அமைச்சர் திருவேரகனாரின் யோசனை என்பதாலேயே அவருக்கு அதன்மேல் வயிற்றெரிச்சல்.

"வயசானால் புத்தி மழுங்கும், மகாராஜா. சத்திரத்தைப் பூட்டுங்கள். கிழங்களின் நகைநட்டை என் காவலில் வையுங்கள்" என்றார்.

ராஜாவுக்கு அன்றைக்கு அது சரியாகப் பட்டது. அப்படியே பறையறையச் சொல்லிவிட்டான். திருவேரகனார் எழுந்து மூன்று நாள் தவணை கேட்டார். இதே சபையில் இருக்கும் கூர்மையான புத்திக்காரர் ஒருவர் அதேபோன்ற பேச்சுக்கு ஏமாந்தால் உத்தரவை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

"ஏமாறாவிட்டால்?" என்றான் ராஜா.

"என் பதவியைத் தண்டநாயகரிடம் கொடுத்துவிட்டு ஊர்போய்ச் சேருகிறேன்."

கோளரியாரின் முகம் தாமரையாக மலர்ந்தது.

அமைச்சர் நேரே சத்திரத்துக்குப் போனார். முத்திருளாண்டி இரண்டு நாளாகச் சாப்பிடாமல் விறகுக் கொட்டகையில் சுருண்டு கிடந்தார். ஏன் கொடுத்தாய் என்று ஊரெல்லாம் கேட்டிருந்தது. அங்கம்மை மட்டும் வேறு கேள்வி கேட்டாள்: "அவன் என்ன சொன்னான் அண்ணே? ஒரு சொல் விடாமல் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல, மூவரும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். முதலில் மனசைக் கலக்கினான். அப்புறம் அவசரப்படுத்தினான். கடைசியில் வாயைக் கட்டினான். அங்கம்மை யோசித்துச் சொன்னாள்: "நம்மைக் கலக்கப் பிள்ளை பேரைச் சொன்னான். தண்டநாயகரைக் கலக்கப் பதவி பேரைச் சொன்னால் போதும்."

மறுநாள் மத்தியானம் சேவகன் உடுப்பில் ஒருவர் கோளரியாரின் மாளிகைக்குப் போனார். மகாராஜா அவரை மேலைமண்டலத்துக்கு அதிபதியாக்கப் போவதாகவும், பட்டம் கட்ட அளவெடுக்க அவருடைய தலைப்பாகை, மோதிரம், செருப்பு மூன்றும் பொழுது சாய்வதற்குள் வேண்டும் என்றும், தாமதித்தால் பதவி வேறொருவருக்குப் போய்விடும் என்றும் காதோடு சொன்னார். "பட்டம் கட்டும்வரை வேறெதையும் அணிய வேண்டாம். யாரிடமும் மூச்சு விடாதீர்கள்" என்றும் சொன்னார். வந்தவர் முத்திருளாண்டிதான். கோளரியார் வயதானவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகியவர் அல்லர். அதனால் அடையாளம் தெரியவில்லை. செருப்பைத் தானே துடைத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் சபை கூடியது. கோளரியார் வெறுந்தலையோடும் வெறுங்காலோடும் வந்து, ராஜாவைப் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றார்.

"என்ன கோலம் இது?" என்றான் ராஜா.

கோளரியார் கண்ணைச் சிமிட்டினார். "மகாராஜா அறியாததா?"

ராஜா விழித்தான். அங்கம்மையும் முத்திருளாண்டியும் உள்ளே வந்து ஒரு மூட்டையை அவிழ்த்தார்கள். தலைப்பாகை, மோதிரம், செருப்பு. நடந்ததை முத்திருளாண்டி சொல்லி முடித்தபோது சபையே குலுங்கியது. கோளரியார் நிலத்தைப் பார்த்தார்.

அமைச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "இவர் முட்டாள் இல்லை, மகாராஜா. மனசு கலங்கிய நேரத்தில் இவருக்குக் கலந்து பேச ஆளில்லாமல் செய்துவிட்டோம். பாகனுக்கும் அதுதான் நடந்தது. வயசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

ராஜா மெதுவாகக் கிரீடத்தைக் கழற்றினான். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. "இளமை திரும்பும் தைலம் என்று ஒருவன் கொடுத்தான். ராணியிடம்கூடச் சொல்லக் கூடாது என்றான். ஒரு முத்துமாலை கொடுத்து வாங்கித் தடவினேன். இருந்த முடியும் கொட்டிவிட்டது" என்றான்.

அதைக் கேட்டுச் சபை சிரித்த சிரிப்பில் முதல் சிரிப்பு ராஜாவினுடையது.

உத்தரவு மாறியது. இந்த முறை மாலையானபிறகும் அது மாறவில்லை. அரண்மனை வாசலிலேயே ராஜா சத்திரத்துப் பெரியவர்களுக்கு ஓர் அறை கொடுத்தான். அரசன் பேரைச் சொல்லி யார் எதைக் கேட்டாலும் அங்கே வந்து விசாரித்துக்கொள்ளலாம். 'அரண்மனை யாரையும் வாய்மூடச் சொல்லாது, அவசரமும் படுத்தாது' என்று ஊரெங்கும் பறையறைந்தார்கள். கோளரியாருக்குத் தண்டனை, ஏமாந்த கதையைச் சந்தையில் தன் வாயாலேயே சொல்வது.

முதல் நாள் அவர் முணுமுணுத்தார். கேட்ட ஜனம் சிரித்தது. ஆனால் தண்டநாயகரே ஏமாந்தார் என்றதும், இதுவரை வெட்கப்பட்டு மறைத்தவர்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். பூக்காரி சிலம்பாயி கூட்டத்திலிருந்து எழுந்து, தன் மகனும் கைதாகியிருப்பதாக ஒருவன் வந்து சொன்னான் என்றும், பொன்னுக்காக அவன் இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்றும் சொன்னாள்.

கூட்டத்தில் நின்ற முத்திருளாண்டிக்கு முன்னால் அவனைப் பிடிக்க ஓடியவர் கோளரியார்தான். அதுவும் வெறுங்காலோடு.