மன்னர் முடிக்காத கிண்ணம்

அநியாயம் நடந்தது செம்பாயிக்கு. கள் காய்ச்சியது அவள். குடித்தது மன்னர். தள்ளாடியது மன்னருடைய கால். நாடு கடத்தல் மட்டும் செம்பாயிக்கு! எந்த ஊர் நியாயம் இது என்று கேட்கிறீர்களா? செம்மலை நாட்டு நியாயம்.

மன்னர் கோட்டைமாறருக்குக் கல்லீரல் வீங்கியிருந்தது. "கள்ளை விட்டுவிடுங்கள்" என்றார் அரண்மனை வைத்தியர். மன்னர் ஒரு பார்வை பார்த்தார். வைத்தியருக்கு உடனே வேறு வைத்தியம் ஞாபகம் வந்தது.

"விட முடியாவிட்டால் போதை குறைந்த கள்ளாகக் குடியுங்கள். ஆனால் ஒரே ஒரு கிண்ணம்தான், மகாராஜா!"

அதைக் காய்ச்சத்தான் செம்பாயியை அழைத்தார்கள். அந்த நாட்டுக் கள் மரத்தில் இறக்குவதில்லை, நெல்லில் காய்ச்சுவது. அவள் நெல்லை முளைகட்டி, காயவைத்து, இடித்து, கஞ்சியாக்கிப் புளிக்க வைத்தாள். புளிப்பு முற்றுமுன் வடிகட்டி, வாயகன்ற சட்டியில் ஊற்றி, மூடாமல் இளஞ்சூட்டில் வைத்தாள். போதை ஆவியாகப் பறந்தது, ருசி சட்டியில் தங்கியது. ஆறியதும் கொஞ்சம் சுக்கு. அவ்வளவுதான். குடித்தவன் வீட்டுக்கு வழி கேட்காமல் போய்ச் சேரலாம்.

மன்னருக்குப் பரம சந்தோஷம். "இது கள் இல்லை, மருந்து!" என்றார். மருந்தென்று ஆன பிறகு வேளை பார்ப்பானேன்? பல் துலக்கியதும் மருந்து. சாப்பாட்டுக்கு முன் மருந்து, பின் மருந்து. சும்மா இருந்தால் அதற்கும் மருந்து.

வயிறு எரிந்தவர் ஒருவர்தான். மதுச்சாலை அதிகாரி சூரப்பர். அவருடைய கடுங்கள் பானைகளைச் சீந்த ஆளில்லை.

அந்தச் சமயத்தில் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். மன்னர் எழுந்து, கம்பீரமாகத் தள்ளாடி நடந்து, மாலையைத் தூணுக்குப் போட்டார். "வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்று அதனிடமே கேட்டார். தூண் பதில் சொல்லவில்லை என்று கோபித்தும் கொண்டார். தூதர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் காலை சூரப்பர் அவையில் கொதித்தார். "மகாராஜா குடித்தது ஒரே கிண்ணம்! ஒரே கிண்ணத்தில் இப்படி என்றால், இந்தப் பெண்பிள்ளை கடுங்கள்ளைக் கலந்திருக்கிறாள்!"

"சத்தியமாக ஒரே கிண்ணம்தான்" என்றார் மன்னர். அவர் பொய் சொல்லவில்லை. அந்த அரண்மனையில் மன்னர் முன் வெறுங்கிண்ணம் இருந்தால் அபசகுனம். இரண்டு விரற்கடை இறங்கினாலே சூரப்பரின் ஆள் கெண்டியைச் சாய்த்து நிரப்பிவிடுவான். இரவு கட்டிலருகேயும் கிண்ணம் நிறைந்தே இருக்கும். விடிந்தால் அதே கிண்ணம். தீராத கிண்ணம் எப்படி இரண்டாகும்?

செம்பாயி அழுதாள். "சாமி, என் பானையெல்லாம் இங்கே, என் பிள்ளைகள் இங்கே. நான் எங்கே போவேன்?"

மன்னர் அவள் காய்ச்சிய கள்ளையே ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "இந்தக் கிண்ணத்தை நான் முடிப்பதற்குள் நீ எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலை போகும்!"

அவையில் வழக்குப் பேசுபவள் உமையாள். வாயை மூடத் தெரியாதவள் என்று அவளுக்குப் பெயர். பெண் பேசினால் அப்படித்தான் பெயர் வைப்பார்கள், இருக்கட்டும். மூட்டையைக் கட்ட ஓடிய செம்பாயியை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கே ஓடுகிறாய்? உட்கார் அக்கா. வெற்றிலை வைத்திருக்கிறாயா?"

இருவரும் அவையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். மன்னர் குடித்தார், கெண்டி சாய்ந்தது. மறுபடி குடித்தார், மறுபடி சாய்ந்தது. மாலை ஆயிற்று.

மன்னர் கண்ணைச் சுருக்கினார். "அடியே, இன்னுமா போகவில்லை?"

"தாங்கள் இன்னும் முடிக்கவில்லையே, மகாராஜா!" என்றாள் உமையாள்.

"காலையிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறேன்!"

"ஆனால் ஒரே கிண்ணம்தானே?"

மன்னர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். சூரப்பர் பாய்ந்து வந்தார். "டேய், ஊற்றாதே! மகாராஜா, ஒரே மூச்சில் முடியுங்கள்!"

மன்னர் முடித்தார். வெறுங்கிண்ணத்தைக் கண்டு அவையே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"முடிந்தது! அவள் இங்கேதான் இருக்கிறாள்! எடுங்கள் தலையை!" என்று கத்தினார் சூரப்பர்.

செம்பாயி உமையாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். உமையாள் எழுந்தாள்.

"எடுக்கலாம். அதற்குமுன் ஒரு சந்தேகம், மகாராஜா. வைத்தியர் சொன்ன ஒரு கிண்ணம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. அப்படியானால் தூதர் வந்த அன்று தங்கள் வயிற்றில் இருந்தது ஒரு வாய்க் கள்தான். ஒரு வாய்க்கே தூணுக்கு மாலை போடுகிற மன்னர் என்று தூதர் ஊரில் போய்ச் சொல்லட்டுமா? அல்லது ஒரு பானை குடித்திருந்தீர்களா? பானை என்றால் எந்த இலேசான கள்ளும் ஆளைச் சாய்க்கும். செம்பாயிமேல் குற்றமில்லை. ஒரு வாயா, ஒரு பானையா? தாங்களே சொல்லுங்கள்."

மன்னரின் மீசை துடித்தது. "ஒரு வாயா? நானா? பானை! ஒரு பானை என்ன, இரண்டு பானை!" என்று தொடையைத் தட்டினார். தட்டிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"செம்பாயி இங்கேயே இருந்து காய்ச்சட்டும். எனக்கு ஒரு கிண்ணம், தீருகிற கிண்ணம்! ஆனால் உமையாள், நாடு கடத்துவதாக அவையில் சொல்லிவிட்டேன். சொன்ன சொல் வீணாகலாமா? யாரைக் கடத்துவது?"

உமையாள் சொன்னாள்: "கெண்டியைக் கடத்துங்கள், மகாராஜா. அது எல்லையைத் தாண்டினால், அதை விட்டால் வேறு பிழைப்பில்லாத சூரப்பர் பின்னாலேயே ஓடிவிடுவார்."