குடுத்த கட்டில்ல எப்படி உக்கார?

சாமியார் கதைன்னு சொன்ன ஒடனே பாருங்க, எல்லாரும் காலை மடக்கி, முகத்தைக் கொஞ்சம் சோகமா வச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்க. தாடி வரும்னு எதிர்பாக்கீங்க. அருவி வரும், மான்குட்டி வரும், கடைசியில நல்லதா நாலு வார்த்தை வரும், அதை அப்படியே வாட்சப்புல போட்டுரலாம்னு நெனைக்கீங்க.

ஒண்ணும் கிடையாது.

இந்தச் சாமிக்குத் தாடி வச்சா அரிக்கும். அதனால மழுமழுன்னு சவரம். வயசு முப்பத்தெட்டு. முன்னாடி செங்கல் லாரியில கிளீனரா இருந்தவரு. பாளையங்கோட்டைக்கு வெளிய ஒரு வாழைத்தோட்டத்துல பம்புசெட்டு ரூம்புல இருக்காரு. யாராவது வந்து கேட்டா ரெண்டு வார்த்தை சொல்லுவாரு. மூணாவது வார்த்தைக்குக் கொட்டாவி வந்துரும்.

அவரு முன்னால ஒரு செவ்வாக்கிழமை காலையில போயி நின்னாரு ஆவுடையப்பன் அண்ணாச்சி.

“சாமி, எல்லாத்தையும் குடுத்துட்டேன். மனசு லேசாகலையே?”

அண்ணாச்சிக்கு வயசு அறுபத்திரெண்டு. பத்திரப்பதிவு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. ஒரே மக, கனடாவுல இருக்கா, எட்டு மாசப் பிள்ளத்தாச்சி. “ரெண்டு பேரும் ஒரேயடியா இங்க வந்துருங்கப்பா”ன்னு கூப்பிட்டாச்சு. வீட்டை வித்தாச்சு. சாமானைத்தான் லேசுல ஒழிக்க முடியல.

மொத தடவ டிக்கெட்டைத் தள்ளிப் போட்டது கட்டிலுக்காக. நல்ல ஆளு கையில குடுக்கணும்லா? ரெண்டாவது தடவ ஃபிரிட்ஜுக்காக.

இப்ப மூணாவது டிக்கெட். வியாழக்கிழமை பிளைட்டு.

அவரு வீட்டம்மா வடிவு கோவமே படல. சீப்பை எடுத்து தலையச் சீவிக்கிட்டே சொல்லிட்டா.

“வியாழக்கிழமை நான் ஏறிருவேன். நீங்க வந்தா பக்கத்து சீட்டுல உக்காருங்க. வரலேன்னா அதுல என் பையை வச்சுக்கிடுதேன்.”

அதான் அண்ணாச்சி ஆட்டோ மைதீனைக் கூப்பிட்டுக்கிட்டு வாழைத்தோட்டத்துக்கு வந்தது. மைதீன் பதினஞ்சு வருசமா அந்தக் குடும்பத்துக்கு ஆட்டோ ஓட்டுதவன். ஆட்டோவை வரப்போரமா நிறுத்திட்டு, வாயை மூடிக்கிட்டு நின்னான். அது அவனுக்குக் கஷ்டமான வேலை.

“எல்லாத்தையும் குடுத்தாச்சா?” சாமி கேட்டாரு.

“குடுத்தாச்சு சாமி.”

“பெட்டி கட்டியாச்சா?”

“ஆச்சு. ரெண்டு பெட்டி.”

“என்ன இருக்கு?”

“நாலு வேட்டி, ஆறு சட்டை, பிரஷர் மாத்திரை. பெறவு இந்த... குடுத்த சாமானுக்கெல்லாம் கியாரண்டி கார்டு, பில்லு, கூட வந்த புஸ்தகம்.”

“அது எம்புட்டு கனம்?”

“ஏழு கிலோ.”

சாமி கொட்டாவி விடல. மொத தடவையா கண்ணை நல்லாத் தெறந்து பாத்தாரு.

“ஆட்டோவுல எனக்கு எடம் இருக்குமா?”

“எங்க சாமி போறோம்?”

“குடுத்த வீட்டுக்கு. அண்ணாச்சி, பெரிய வேலை ஒண்ணும் இல்ல. குடுத்த சாமானுல ஏதாவது ஒண்ணை, அந்த வீட்டு ஆளுககிட்ட கேட்டுட்டுத் தொடணும். கட்டில்னா, உக்காரட்டுமான்னு கேட்டு உக்காரணும். அவ்வளவுதான். ஒரு வீட்டுல கேட்டுட்டாப் போதும். மனசு லேசாகுததுக்கு நான் பொறுப்பு.”

“இதுதானா!” அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துட்டு. மலையில ஏறச் சொல்லுவாரு, பட்டினி கெடக்கச் சொல்லுவாருன்னு பயந்துக்கிட்டுல்லா வந்தாரு. “ஏ மைதீன், எடு வண்டியை.”

மொத வீடு, அவரு மச்சினன் பேச்சிமுத்து வீடு. தேக்குக் கட்டிலும் மெத்தையும் அங்கதான்.

“வாங்க அத்தான்! வாங்க சாமி!”

அண்ணாச்சி செருப்பைக் கழத்துனாரு. நேரா உள் ரூம்புக்குப் போனாரு. தொப்புன்னு கட்டில்ல உக்காந்தாரு.

உக்காந்தவரு சர்ருனு எந்திரிச்சாரு.

“டேய். மெத்தையில கவரு எங்க?”

“எந்தக் கவரு அத்தான்?”

“கடையில போட்டுக் குடுத்த பிளாஸ்டிக் கவரு!”

“அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன். திரும்பிப் படுத்தா சரக்கு சரக்குன்னு சத்தம் கேக்கு. இவ ஒறங்க மாட்டேங்கா.”

அண்ணாச்சி நெஞ்சுல கைய வச்சுட்டாரு. “பதினோரு வருசம்டா! பதினோரு வருசம் அந்தக் கவரு மேல படுத்திருக்கேன். ஒரு கீறல் விழுந்திருக்குமா? உங்கக்கா முதுகெல்லாம் வேர்க்குருன்னு அழுதா. கிழிச்சேனா நான்?”

பேச்சிமுத்து தலையச் சொறிஞ்சான்.

வாசல்ல நின்ன சாமி கேட்டாரு. “தம்பி, நான் செத்த இந்தக் கட்டில்ல சாயட்டுமா?”

“படுங்க சாமி, இதெல்லாமா கேக்கணும்!”

சாமி படுத்தாரு. ரெண்டு நிமிசத்துல கொறட்டை. அண்ணாச்சி பக்கத்துல நின்னு, மெத்தையோட ஓரத்தத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

கா மணி நேரங்கழிச்சு சாமி எந்திரிச்சு முகத்தைத் தொடைச்சாரு. “கேட்டீங்களா அண்ணாச்சி?”

“என் கட்டில்ல உக்கார நான் எதுக்கு சாமி கேக்கணும்?”

“குடுத்துட்டேன்னீங்க.”

“குடுத்துட்டேன்தான்.”

“செரி,” சாமி சொன்னாரு. “அடுத்த வீடு.”

அடுத்தது மேரி புஷ்பம் டீச்சர் வீடு. ஃபிரிட்ஜ் அங்க.

இந்தத் தடவ அண்ணாச்சி உஷாராத்தான் இருந்தாரு. ஆட்டோவுலயே மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தாரு. ‘டீச்சர், ஃபிரிட்ஜைத் தெறக்கட்டுமா? டீச்சர், ஃபிரிட்ஜைத் தெறக்கட்டுமா?’ முன்னால ஓட்டிக்கிட்டு இருந்த மைதீனுக்கே பாடமாயிட்டு.

“வாங்க சார், எப்ப பிளைட்டு?”

“வியாழக்கிழமை. டீச்சர்... வந்து... ஃபிரிட்ஜை...”

“சொல்லுங்க சார்.”

அண்ணாச்சி தொண்டையச் செருமுனாரு. கழுத்தைத் தேச்சாரு. கதவு மேல கண்ணு போச்சு. கையும் கூடவே போயிட்டு. தெறந்தே தெறந்துட்டாரு.

உள்ள ரெண்டு வஞ்சிர மீனு, அண்ணாச்சியையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு.

“டீச்சர்!”

“என்ன சார்?”

“இது பதினாறு வருசமா சைவமா இருந்த ஃபிரிட்ஜ் டீச்சர்!”

டீச்சர் அமைதியான மனுசி. நாப்பது பிள்ளையள வச்சு மேய்க்கதவங்க. “இப்பவும் அது ஒண்ணும் சாப்பிடல சார். நாங்கதான் சாப்பிடுதோம்.”

மைதீன் ஆட்டோவுக்குள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டான். தோளு மட்டும் குலுங்கிச்சு.

சாமி மெதுவா, “டீச்சரம்மா, இந்த ஃபிரிட்ஜுல இருந்து ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கிடட்டுமா?”

“எடுங்க சாமி.”

சாமி எடுத்தாரு. குடிச்சாரு. சொம்பைக் கழுவி வச்சாரு.

அண்ணாச்சிக்கு அதைப் பாக்கப் பாக்க எரிச்சலா வந்துச்சு. அந்த மனுசன் வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல, ஒரு பில்லு கூடக் கையில கிடையாது. கட்டில்ல படுத்தாச்சு, ஃபிரிட்ஜுல தண்ணியும் குடிச்சாச்சு. அசலா வாங்குனவரு தொண்டை காஞ்சு நிக்காரு.

“எப்படி சாமி உங்களுக்கு டக்குனு வாயில வருது?”

“கேட்டா வருது.”

“இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?”

“தாகத்தோட வந்துருவேன்.”

அண்ணாச்சி ஆட்டோவுல ஏறினாரு. மனசுக்குள்ள ஒரு கணக்கு. இன்னும் ஒரே ஒரு வீடு. இதுவும் போச்சுன்னா, வடிவு பக்கத்துல வடிவோட பை உக்காந்து போகும். பைக்கு ஜன்னல் சீட்டு வேற.

மூணாவது வீடு, செல்லக்கனி வீடு. அண்ணாச்சி வீட்டுல வேலை பாத்தவ. கிரைண்டரை அவளுக்குக் குடுத்திருந்தாரு. இப்ப அவ மாவு அரைச்சு நாலு தெருவுக்கு விக்கா. உள்ள போகும்போதே கிரைண்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

“அண்ணாச்சி வாங்க! இருங்க, கையக் கழுவிட்டு வாரேன்.”

அண்ணாச்சி கிரைண்டர் பக்கத்துல போகல. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கோத்துக்கிட்டாரு. ஆபீஸ்ல கலெக்டர் வந்தா நிப்பாரே, அப்படி.

“செல்லக்கனி.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“நான் இந்த கிரைண்டரை...”

“கிரைண்டரை?”

“ஒரு தடவ...”

“திருப்பிக் கேக்கீங்களா?” அவளுக்கு முகம் வெளுத்துட்டு.

“சேச்சே, அதில்ல. ஒரு தடவ, உன்கிட்ட கேட்டுட்டு...”

எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்காங்க. சாமி பாக்காரு. செல்லக்கனி பாக்கா. மைதீன் ஆட்டோவுல இருந்து எறங்கி வந்து வாசப்படியில நின்னு பாக்கான். அண்ணாச்சி நெத்தியில வேர்வை முத்து முத்தா நிக்கி. ஒதடு அசையுது. வார்த்தை ஒதட்டு வரைக்கும் வந்து, எட்டிப் பாத்துட்டு, திரும்ப உள்ள போயிருது.

ஒரு தடவ. ரெண்டு தடவ.

மூணாவது தடவ வாய் தெறந்துச்சு.

“உளுந்தை இருவது நிமிசத்துக்கு மேல ஓட்டாதன்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன் உனக்கு!”

எட்டிப் போயி சுவிட்சை அமத்திட்டாரு.

கிரைண்டர் நின்னுட்டு.

செல்லக்கனி அரைபட்டுக்கிட்டு இருந்த மாவைப் பாத்தா. இருவது வருசம் அந்த வீட்டுல வேலை பாத்தவ, அவளுக்குப் பழகிப் போச்சு.

சாமி வந்து அண்ணாச்சி பக்கத்துல நின்னாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து அவரு நெத்தியத் தொடைச்சு விட்டாரு.

“கேக்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி இப்படி வேர்க்குது?”

அண்ணாச்சிக்குக் கண்ணு கலங்கிட்டு. “பழக்கமில்ல சாமி. நமக்கு ஆண்டவன் குடுத்திருக்கான், ஒருத்தர்கிட்ட போயி நின்னு கேட்டுப் பழக்கமில்ல. மத்தபடி சாமான் மேல ஒரு பாசம்.”

வாசப்படியில நின்ன மைதீனுக்கு அதுக்கு மேல முடியல. காலையில இருந்து மூடி வச்ச வாயி.

“பாசமா? சாமி, போன வருசம் இவரு மாப்ள கனடாவுல இருந்து வந்து பத்து நாள் இங்க தங்குனாரு. ஃபேன் போடணும்னா இவருகிட்ட கேக்கணும், பேப்பர் பிரிக்கணும்னா இவருகிட்ட கேக்கணும், வெந்நிக்கு ஹீட்டர் போடணும்னா மொதநா ராத்திரியே கேட்டு வைக்கணும். ஜங்ஷனுக்கு நான்தான் கொண்டு விட்டேன், பாவம், இறங்கும்போது என்கிட்ட, ‘அண்ணே, எறங்கட்டுமா’ன்னு கேட்டாரு! சாமானும் இல்ல, பாசமும் இல்ல சாமி. அங்க போனா, மாப்ளயும் இவர மாதிரியே இருந்துட்டா என்ன செய்யன்னுல்லா அண்ணாச்சிக்கு வேர்க்குது!”