மடத்துச் சமையலுக்கு ஆள் தேவை

குருபூஜைக்கு ஐந்தே நாள். முந்நூறு இலை விழும். மடத்துச் சமையற்காரரோ வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். புது ஆள் பார்க்கும் பொறுப்பை மடத்தின் தலைவியான குருமாதா தம் சீடர் சபாநாயகத்திடம் விட்டிருந்தார்.

சபாநாயகம் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். குருமாதாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காவி கட்டிய பிறகும் சிவப்புப் பேனாவை மட்டும் அவரால் துறக்க முடியவில்லை.

அன்று சுடலைமணி என்பவன் வேலை கேட்டு வந்தான். விண்ணப்பத் தாளில் 'சிறை சென்றதுண்டா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று மறைக்காமல் எழுதியிருந்தான். சபாநாயகம் அதற்குமேல் படிக்கவில்லை. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

"பதினோரு மணி பஸ்ஸுக்குப் போயிடுப்பா" என்றார்.

"இது அஞ்சாவது இடம் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் பையை எடுத்துக்கொண்டான்.

அந்தக் குரல் மனதை என்னவோ செய்தது. தாளோடு அடுக்களைக்குப் போனார். ஆள் இல்லாததால் குருமாதாவே உலை வைத்திருந்தார். சபாநாயகம் விஷயத்தைச் சொன்னார்.

"என்ன செஞ்சானாம்?"

சபாநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளில் தேடினார். "வரப்புத் தகராறு. பெரியப்பா மகன் கையில வெட்டு. ஏழு வருஷம் தண்டனை."

"வெளிய வந்து?"

"ஏழு வருஷம் ஆச்சு. வேற வழக்கு இல்ல."

"சமையல் எங்க கத்துக்கிட்டானாம்?"

சபாநாயகத்தின் குரல் இறங்கியது. "ஜெயில் அடுக்களையில. அறுநூறு பேருக்கு."

"ம்."

"கத்தி புழங்குற இடம்மா. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொன்னாங்க?"

குருமாதா அகப்பையை நீட்டினார். "பதம் பாருங்க."

ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். "நடுவுல அரிசியா இருக்கும்மா."

"அப்ப கொட்டிரலாமா?"

"ஐயோ, கொட்டுறதா? இன்னும் கொஞ்சம் வேகட்டும்."

குருமாதா விறகைத் தள்ளிவிட்டார். சற்றுப் பொறுத்து, "இப்ப?" என்றார்.

சபாநாயகம் கீழே வைத்த பழைய பருக்கையைப் பார்த்தார். பிறகு பானையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். பூவாய் நசுங்கியது.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கோர்ட்டுப் புத்தி விடவில்லை. "அப்ப யார் வந்தாலும் சேத்துக்கலாமாம்மா?"

"போன மாசம்தான் உண்டியல் உடைச்சவன் ஒருத்தன் வந்து களஞ்சியச் சாவி கேட்டா குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"அவன் இப்ப எப்படின்னு பாத்துத்தானே மாட்டேங்கிறீங்க?"

சபாநாயகம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"சோறு வெந்தாச்சு" என்றார் குருமாதா. "வடிக்க ஆள் எங்க?"

சபாநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்.